முகப்போடு திரும்பிவிடாதீர்கள்: செட்டிநாட்டு வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு

காரைக்குடிப் பக்கம் போய்விட்டு வருகிறவர்கள் போடும் படங்களைக் கவனித்திருப்பீர்கள். கறுப்பாகப் பளபளக்கும் தூண், கீழே பூப்போட்ட தரை, தலைக்கு மேலே சரவிளக்கு, நடுவில் கண்டாங்கிச் சேலையில் ஒருவர். எல்லாம் முகப்பில் எடுத்தவை. நானும் முதல் தடவை அதையேதான் செய்தேன். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து முகப்பில் நாலு படம், வளவில் (நடு முற்றத்தில்) நாலு படம், இருபது நிமிடத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சாவிக்கொத்தோடு கூடவே வந்த பெரியவர் "என்ன தம்பி, அவ்வளவுதானா? இது விருந்தாளிக்குக் காட்டுற இடம். வீடு பின்னாலல்லவா இருக்கு" என்றார். அப்புறம்தான் இரண்டாங்கட்டுக்கும் அடுப்படிக்கும் போனேன். அதற்குப் பிறகு நாலைந்து முறை போயாயிற்று. போகப்போகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் ஏறக்குறைய அவர் சொன்னதேதான், கொஞ்சம் விளக்கமாக.

செட்டிநாடு என்பது ஒரே ஊர் கிடையாது. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குச் சேர்த்து வழங்கும் பெயர். ஒரு காலத்தில் 96 ஊர் என்று சொல்வார்கள். அத்தனையும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். காரைக்குடியில் தங்கிக்கொண்டு கானாடுகாத்தான், ஆத்தங்குடி இரண்டையும் நிதானமாகப் பாருங்கள். ஒருநாள் கூடுதலாக இருந்தால் பள்ளத்தூரோ தேவகோட்டையோ கடியாபட்டியோ ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், போதும். மதுரை, திருச்சி இரண்டு பக்கத்திலிருந்தும் காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர், பேருந்துக்குக் குறைவில்லை. சென்னைக்காரர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கானாடுகாத்தான் பக்கத்தில் 'செட்டிநாடு' என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் உண்டு, ஆனால் எல்லா வண்டியும் அங்கே நிற்காது, அதனால் காரைக்குடியில் இறங்குவதுதான் நிம்மதி. இறங்கியபிறகு ஒரு காரையோ ஆட்டோவையோ நாள் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் டவுன் பஸ் இருக்கிறது, ஆனால் அதற்காக நிற்பதிலேயே பாதி நாள் போய்விடும். அதோடு உள்ளூர் ஓட்டுநருக்கு எந்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது தெரிந்திருக்கும். இந்த ஊர்களில் கூகுள் மேப்பைவிட அது பெரிய உதவி.

காலம் என்று கேட்டால் மார்கழி, தை, மாசி. சித்திரை, வைகாசியில் போகவே கூடாது என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் வெளியே நெருப்பாகக் கொதிக்கும்போது வளவுக்குள் நுழைந்தால்தான் இந்த வீட்டைக் கட்டியவன் எவ்வளவு யோசித்திருக்கிறான் என்று உடம்புக்குப் புரியும். ஆனால் வீட்டுக்கு வீடு நடப்பது தெருவில்தானே, அங்கே நிழல் தரும் மரம் அதிகம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் போகக் கொடுத்துவைத்திருந்தால் அது தனி விருந்து, அதைப் பிறகு சொல்கிறேன். நேரம், காலை ஒன்பதரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சாவி வைத்திருப்பவர் கண்ணயர்ந்திருப்பார், எழுப்பினால் திறப்பார், ஆனால் அந்த மனநிலையில் கதை சொல்லமாட்டார். பாதி வீடு அவர் சொல்லும் கதையில்தான் இருக்கிறது.

இங்கே ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த வீடுகளில் பெரும்பாலானவை அருங்காட்சியகம் அல்ல. பூட்டிக் கிடப்பதால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடுவோம். உடையவர்கள் சென்னையிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், கல்யாணம், அறுபதாம் கல்யாணமான சாந்தி, முன்னோர் படைப்பு என்றால் மொத்தக் குடும்பமும் வந்து இறங்கும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடைப்பயணம் கிளம்பும் சமயத்திலும் ஊரில் ஆள் நடமாட்டம் கூடும். வாசலில் பந்தலோ வாழைமரமோ தெரிந்தால் அன்றைக்கு அந்த வீட்டை விட்டுவிடுங்கள். "சும்மா ஒரு ஃபோட்டோ" என்று எட்டிப்பார்க்கும் ஆட்களால்தான் பல வீடுகள் இப்போது வெளியாட்களுக்குக் கதவைத் திறப்பதே இல்லை.

எது திறந்திருக்கும், எது திறக்காது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கானாடுகாத்தானில் இருக்கும் செட்டிநாடு அரண்மனை, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் குடும்பத்தினுடையது. 1912 வாக்கில் கட்டி முடித்தது. அதற்குள் பொதுமக்களை விடுவதில்லை, வாசலுக்கு எதிரே நின்று முகப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். காரைக்குடியில் 1941-ல் கட்டிய ஆயிரம் ஜன்னல் வீடும் அதே மாதிரி வெளியிலிருந்து பார்க்கும் வீடு, ஆட்டோக்காரர் தானாகவே கூட்டிப்போவார், ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கே வேலையில்லை. ஆத்தங்குடியில் பெரிய வீடு என்றும் ஆத்தங்குடி அரண்மனை என்றும் சொல்கிற வீட்டைச் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு அதுதான் வசதி, யாரையும் கெஞ்ச வேண்டாம். மூன்றாவது வகை, இன்னாருடைய வீடு என்று தெருவுக்கு மட்டும் தெரிந்த வீடுகள். அவற்றைப் பார்க்கத்தான் நான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

அந்த வகை வீட்டுக்குள் போவதற்கு உபாயம் ஒன்றும் இல்லை, மரியாதையாகக் கேட்பதுதான். திண்ணையில் யாராவது இருந்தால் படியேறாமல் கீழே நின்றே கேளுங்கள். பெரியவர் என்றால் "ஐயா", வீட்டுப் பெண்மணி என்றால் "ஆச்சி". நகரத்தார், அதாவது இந்த ஊர்களின் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வீட்டில் கல்யாணமான பெண்ணை ஆச்சி என்றுதான் அழைப்பார்கள், வயதைப் பார்த்து மேடம், ஆன்ட்டி என்றெல்லாம் தடுமாற வேண்டாம். "ஆச்சி, நாங்க திருச்சியிலேர்ந்து வர்றோம், வீட்டைப் பார்க்கலாங்களா?" என்று நான் கேட்ட ஒரு வீட்டில் அந்த அம்மாள் முதலில் எங்களை மேலும் கீழும் பார்த்தார், எந்த ஊர், என்ன வேலை, பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார், பிறகு "செருப்ப கீழேயே விட்டுட்டு வாங்க, சாமி வீட்டுப் பக்கம் மட்டும் படம் எடுக்காதீங்க" என்று உள்ளே கூட்டிப்போனார். கிளம்பும்போது மோர் கொடுத்தார். இன்னொரு வீட்டில் "முடியாது" என்று ஒரே சொல். அதுவும் சரிதான், அவர்கள் வீடு.

சரி, இப்போது தெருவில் நிற்கிறீர்கள். உடனே உள்ளே போகாதீர்கள். முதலில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பெரிய வீடுகளுக்கு வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடந்து பார்த்தால்தான் நீளம் காலுக்குத் தெரியும். அப்புறம் அண்ணாந்து கைப்பிடிச்சுவரைப் பாருங்கள். நடுவில் இரண்டு யானைகளோடு லட்சுமி இருப்பாள், அதைச் சுற்றி சாமிகள், தேவதைகள், அவற்றுக்கு நடுவே துப்பாக்கியைத் தோளில் சாய்த்த வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் சுதையில் நிற்பான். சில வீடுகளில் தொப்பி வைத்த துரையும் துரைசாணியும்கூட உண்டு. கோயில் கோபுரத்துக்குச் சுதை செய்த அதே கைகள் செய்தவை. இது வெறும் வேடிக்கை அலங்காரம் என்று தாண்டிப் போய்விட வேண்டாம், இந்த வீட்டுக்குப் பணம் எப்படி வந்தது என்ற கதையில் அந்தச் சிப்பாய்க்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பணம் பர்மாவிலிருந்து வந்தது. இலங்கை, மலேயா, சைகோன் என்று வேறு இடங்களும் உண்டு, ஆனால் பெரும்பணம் பர்மா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழ்ப்பர்மாவை ஆங்கிலேயர் பிடித்த பிறகு ஐராவதி முகத்துவாரத்துக் காடுகளை அழித்து நெல் போட ஆரம்பித்தார்கள். உழுகிறவனுக்குக் கடன் கொடுக்க வெள்ளைக்காரர் வங்கிகள் இறங்கவில்லை, அந்த வேலையைச் செய்தவர்கள் நகரத்தார். சட்டமும் நீதிமன்றமும் சிப்பாயும் ஆங்கிலேயருடையது, வட்டிக்கடை செட்டியாருடையது. இங்கிருந்து ஆள் மூன்று வருடக் கணக்குக்குக் கப்பலேறுவான், பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதுவான், கணக்கு முடிந்ததும் ஊருக்கு வருவான், பிள்ளை பெறுவான், மறுபடி போவான். மனைவி மக்கள் இங்கேயே. அந்த மூன்று மூன்று வருடங்களில்தான் இந்த வீடுகள் எழும்பின.

பிறகு 1930 வந்தது. உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம், நெல் விலை தலைகுப்புற விழுந்தது, கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த நிலங்கள் கைமாறின. கீழ்ப்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1937-ல் அது 25 சதவீதம். பணமாக வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு நிலமாக வந்து சேர்ந்தது, நிலத்தை இழந்த பர்மியருக்கோ அது ஆறாத கோபம். 1942-ல் ஜப்பான்காரன் உள்ளே வந்தான், இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள், நடந்தே வந்தவர்களும் உண்டு. சுதந்திர பர்மா 1948-ல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. அதோடு வீடு கட்டுவதும் நின்றது. ஏறக்குறைய 1850-லிருந்து 1940-களுக்குள் கட்டியவைதான் நீங்கள் பார்க்கப்போகும் வீடுகள் எல்லாமே. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் தேக்குத் தூணைப் பார்க்கும்போது "எவ்வளவு அழகு" என்பதோடு வேறு ஒன்றும் தோன்றும். இரண்டுமே தோன்றட்டும் என்பது என் கட்சி. நகரத்தார் நண்பர்கள் சிலருக்கு இதைப் பேசுவது பிடிக்காது, "அந்தப் பணத்தில்தானே கோயிலும் கல்லூரியும் கட்டினோம்" என்பார்கள், அதுவும் உண்மை.

படியேறுங்கள். வீட்டின் தரைமட்டம் தெருவைவிட நன்றாக உயர்ந்திருக்கும். முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்துக் கடல்கோளில் தப்பி வந்தவர்கள், அந்த வெள்ளப் பயம் ரத்தத்தில் இருக்கிறது, அதனால்தான் உயரம் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். திண்ணையில் ஒரு நிமிடம் உட்காருங்கள். கணக்கு வழக்கும் பேச்சுவார்த்தையும் இங்கேதான் நடந்தன, வெளியாட்கள் பலருக்கு வீடு என்பது இந்தத் திண்ணையோடு முடிந்துவிடும். பிறகு நிலைக்கதவுக்கு முன்னால் நேராக நின்றுகொள்ளுங்கள். எல்லாக் கதவையும் திறந்துவைக்கச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். ஒரு நிலைக்குள் இன்னொரு நிலை, அதற்குள் இன்னொன்று என்று ஒரே கோட்டில் கதவுகள் போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் அஞ்சல்தலை அளவுக்கு ஒரு வெள்ளை வெளிச்சம் தெரியும். அது அடுத்த தெரு. நான் நின்ற வீட்டில் அந்த வெளிச்சத்தின் குறுக்கே ஒரு ஆடு போயிற்று. நடுவில் இருந்த முற்றங்களில் வெயில் விழுந்து வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு என்று தரை கோடு போட்ட மாதிரி இருந்தது. கேமராவில் வரவே வராது, சும்மா நின்று பாருங்கள்.

நிலைக்கதவுக்குத் தனியாகப் பத்து நிமிடம் கொடுக்கலாம். நிலைக்கு மேலே கஜலட்சுமியோ கிளியோ யாளியோ செதுக்கியிருப்பார்கள். வீட்டின் 'விலாசம்' எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். விலாசம் என்றால் இங்கே முகவரி கிடையாது, தாத்தா, அப்பா என்று வரிசையாக அடுக்கிய பெயரெழுத்துகள். கடல் கடந்த வட்டிக்கடைக்கும் அதே எழுத்துகள்தான் பெயர். பெயரைச் சொன்னால் தெரியாது, விலாசத்தைச் சொன்னால் "ஓ, அவுகளா" என்பார்கள்.

முகப்பிலும் பட்டாலை என்னும் கூடத்திலும் எல்லாரும் பார்ப்பதை நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்: பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, சுவரின் கீழ்ப்பாதியில் பதித்த ஜப்பான் பூ ஓடு, ரவிவர்மா படங்கள். கூட வருபவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்டின் பெயர் சொல்வார். நான் கேட்கச் சொல்வது சுவரைப் பற்றி. வெள்ளையாக, முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருக்கும் அந்தப் பூச்சு இந்த மண்ணின் வேலை. சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, கருப்பட்டி, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசி, கடைசி அடுக்கில் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு. வருடங்கள் போனாலும் வெள்ளையடிக்கத் தேவையில்லை, ஈரத்துணியால் துடைத்தால் போதும். அனுமதி கேட்டுக்கொண்டு புறங்கையை வைத்துப் பாருங்கள், மே மாதத்திலும் சில்லென்று இருக்கும். உள்ளங்கையை வைக்காதீர்கள், வியர்வைக் கறை போகாது.

வளவுக்கு வந்துவிட்டீர்கள். வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். நாலு பக்க ஓட்டுக்கூரையும் உள்பக்கமாகத்தான் சரிந்திருக்கும். மழை பெய்தால் ஓட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் மூலைத் தூம்புகள் வழியாக முற்றத்தில் விழும், கீழே அண்டாவை வைத்துப் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வார்கள், மிச்சம் ஊருணிக்குப் போகும். வறண்ட சீமைக்காரன் தண்ணீரை மதித்த விதம் அது. ஒரு கார்த்திகை மாதம் மழையில் மாட்டிக்கொண்டு ஒரு வளவில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாலு பக்கமும் தண்ணீர்த் திரை, நடுவில் கருங்கல் தரையில் கொட்டும் சத்தம், பேசினால் கேட்காது. மழைக்கு முன்பு பார்த்த வீடும் அதுவும் ஒன்று என்று சொன்னால் நம்பமுடியாது.

இப்போது அந்த அறைகளைப் பாருங்கள், ஏனென்றால் வீடு எப்படி இயங்கியது என்பது அங்கேதான் இருக்கிறது. கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனும் ஒரு 'புள்ளி'. ஒவ்வொரு புள்ளிக்கும் வளவில் ஒரு அறை, அல்லது உள்ளறையோடு சேர்ந்த இரட்டை அறை. குடும்பம் அதில் படுத்துத் தூங்குவதற்கென்று எண்ணினால் தப்பு, அதன் முக்கியமான வேலை சாமான் வைப்பது. மருமகள் கொண்டுவந்த சீர் அங்கே பூட்டிக் கிடக்கும்: வெள்ளி, பித்தளை, பர்மாவின் அரக்குப் பெட்டி, நிறம் நிறமாக மங்குச் சாமான் (எனாமல் பாத்திரம்). ஆட்கள் படுத்தது தாழ்வாரத்தில். கூரை ஒன்று, ஆனால் சமையல் தனித்தனி. மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைத்து'விடுவார்கள், அவனுக்கென்று அரிசி, பருப்பு, அடுப்பு. அதனால்தான் பின்கட்டுக்குப் போகச் சொல்கிறேன். அடுப்படிப் பக்கம் போய் ஆட்டுக்கல், அம்மி, அடுப்பு எத்தனை என்று எண்ணுங்கள். நான் பார்த்த வீட்டில் ஒரே வரிசையில் ஐந்து ஆட்டுக்கல். ஒன்று மட்டும் குழி ஆழமாகத் தேய்ந்திருந்தது. "இது யாருதுங்க?" என்று கேட்டதற்கு "மூத்த மருமகளோடது, அவுகதான் கடைசி வரைக்கும் ஊர்லயே இருந்தாக" என்றார் அந்தப் பெரியவர். முகப்பில் எந்தப் பளிங்கும் அந்தக் கல் அளவுக்கு என்னிடம் பேசவில்லை.

பின்கட்டில் வெளிச்சம் குறைவு, தரை சொரசொரப்பு, தூண் சாதாரணமான கல்தூணாக இருக்கும். இத்தாலியும் பெல்ஜியமும் பட்டாலையோடு நின்றுவிட்டன. மூன்று வருடத்துக்கு ஒருமுறை கணவன் வந்துபோக, வரவுசெலவு, விவசாயம், சீர்செனத்தி, மாமியார் மாமனார் எல்லாவற்றையும் நடத்திய பெண்கள் புழங்கிய இடம் இது. வற்றல் காயவைத்த முற்றம், நெல் கொட்டிய அறை, கிணறு. கால் பார்த்து வையுங்கள், பாழடைந்த வீடுகளில் பின்கட்டு ஓடு தொங்கிக்கொண்டிருக்கும், மாடிப்படியில் கூட வருபவர் ஏறினால் மட்டும் ஏறுங்கள்.

ஏன் இவ்வளவு வீடுகள் இடிகின்றன என்ற கேள்வி இங்கே வந்துசேரும். புள்ளிக் கணக்கேதான் காரணம். அன்று நாலு மகன்களுக்கு நாலு பங்கு, இன்று பேரன் கொள்ளுப்பேரன் வரை எண்ணினால் ஒரு வீட்டுக்கு முப்பது, நாற்பது பங்காளி. ஓடு மாற்றவும் எல்லாரும் ஒப்ப வேண்டும், விற்கவும் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். பராமரிக்க ஆகும் செலவைப் பார்த்துவிட்டு, பிரித்து மரத்தை விற்றால் லாபம் என்று முடிவெடுக்கிறார்கள். வெளியூரிலிருந்து போய் அவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன, ஆனால் பட்டியல் ஓடு மாற்றாது.

கானாடுகாத்தானிலிருந்து ஆத்தங்குடிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்கே வீட்டைப் பார்த்துவிட்டு, கட்டாயம் ஒரு தரைக்கல் பட்டறைக்குள் நுழையுங்கள். சூளையே கிடையாது என்பதுதான் முதல் ஆச்சரியம். கீழே ஒரு கண்ணாடித் தகடு, அதன்மேல் சதுர இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்தில் வளைத்த தகட்டு அச்சு. நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் ஊற்றுகிறார். சிவப்பு இங்கே, மஞ்சள் அங்கே, பச்சை ஓரத்தில். பிறகு அச்சை ஒரே இழுப்பில் மேலே எடுக்கிறார், நிறம் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கிறது. நான் ஒருமுறை முயன்றேன், என் பூ சாணி மிதித்த மாதிரி ஆகிவிட்டது, அவர் சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, கடைசியாக ஈரக் கலவையைக் கொட்டி அழுத்தி, ஒருநாள் விட்டு, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவைத்து வெயிலில் காயப்போடுகிறார்கள். கண்ணாடியைப் பிரித்ததும் அந்தப் பக்கம் மினுமினுவென்று வரும். நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும், அவ்வப்போது தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் இன்னும் ஏறும். உங்கள் வீட்டுக்கு வாங்குவதாக இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பதிக்கத் தெரிந்த ஆளையும் அவர்களே அனுப்புவார்களா என்று. தெரியாத கொத்தனார் கையில் கொடுத்தால் பணம் போயிற்று.

தங்குவதற்குப் பழைய வீடுகளே விடுதிகளாக மாறியிருக்கின்றன. கானாடுகாத்தானில் விசாலம், செட்டிநாடு மேன்ஷன், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், காரைக்குடியில் பங்களா. வாடகை கொஞ்சம் கூடத்தான். முடிந்தால் ஒரே ஒரு இரவு தங்குங்கள், இந்த வீட்டை விடிகாலை ஐந்தரை மணிக்கும் ராத்திரி விளக்கில் ஒருமுறையும் பார்க்க வேறு வழியில்லை. முடியாவிட்டால் காரைக்குடியில் சாதாரண லாட்ஜில் தங்கிக்கொண்டு, இந்த வீடுகளில் ஒன்றில் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம், முதல்நாளே சொல்வது நல்லது, அவர்கள் ஆளைக் கணக்குப் பண்ணித்தான் சமைப்பார்கள். சாப்பாட்டைப் பற்றி எழுதப் பல பேர் இருக்கிறார்கள், நான் கவுனி அரிசிப் பொங்கலை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கறுப்பு அரிசியும் பர்மாவிலிருந்து வந்தது என்றுதான் இங்கே சொல்வார்கள்.

படம் எடுப்பது பற்றி: கைபேசியில் எடுக்கப் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ட்ரைபாட், ட்ரோன், கல்யாண ஃபோட்டோஷூட் என்றால் அது வேறு கணக்கு, உடையவரிடம் பேசி, கட்டணம் பேசி, நாள் குறித்துவிட்டுப் போங்கள். வீட்டில் இருப்பவர்களைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். மேசைமேல் இருக்கும் கறுப்பு வெள்ளைக் குடும்பப் படங்களையும்தான்.

கிளம்பும் நாளில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்கள். இடித்த வீடுகளின் சாமான்கள் அங்கே வரிசையாகக் கடைகளில் கிடக்கும். மங்குத் தட்டு, வெற்றிலைப் பெட்டி, பூட்டு, மரப்பாச்சி, பேர் வெட்டிய பித்தளைச் சொம்பு. முகப்புச் சுவரில் பார்த்தீர்களே அந்தப் பூ ஓடு, இங்கே அதைத் திருப்பிப் பார்க்கலாம், பின்பக்கம் ஜப்பான் என்று அச்சு இருக்கும். பேரம் பேசுங்கள், பாதியிலிருந்து ஆரம்பித்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சின்னச் சாமான் வாங்குவதில் எனக்கு மனத்தடை இல்லை. முழுத் தூண், நிலைக்கதவு என்று போகும்போதுதான் இடறுகிறது, அதை வாங்க ஆள் இருப்பதால்தான் அடுத்த வீடும் பிரிகிறது. ஒரு கடையில் சொம்பு ஒன்றை எடுத்துப் பார்த்தேன், கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக விலாசமும் ஒரு பெண்ணின் பெயரும் வெட்டியிருந்தது. கடைக்காரர் முந்நூற்றைம்பது என்றார். வாங்கினேன். வீட்டில் தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறோம்.

ஆங், விட்டுப்போயிற்று. வீடு காட்டியவருக்குப் பணம் கொடுப்பது. நூறோ இருநூறோ, கூட்டமாகப் போனால் இன்னும் கொஞ்சம், கையில் மடித்துக் கொடுத்துவிடுங்கள். பல வீடுகளில் அவர் சம்பளம் சொற்பம், உடையவர் வருடத்துக்கு இரண்டு முறை வந்தால் அதிகம். அதே வீட்டில் ஆச்சி இருந்து அவரே சுற்றிக்காட்டினால் பணத்தை நீட்டிவிடாதீர்கள், மனசு சங்கடப்படுவார். போகும்போதே ஒரு சீப்புப் பழமும் கொஞ்சம் பூவும் வாங்கிக்கொண்டு போனால் போதும்.